பசை கிடையாது, ஆனாலும் பிரியாது! காகிதத்துக்குள் நடக்கும் கூத்து தெரியுமா?

ஒரு ஏ4 தாளின் எடை 5 கிராம். இதைத் தெரிந்துகொள்ளத் தராசே வேண்டாம், தெரியுமா? ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 16 ஏ4 தாள்கள் கிடைக்கும். ரீம் உறையின் மேல் '80 ஜிஎஸ்எம்' என்று அச்சிட்டிருக்கிறார்களே, அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5. 500 தாள் அடங்கிய ரீம் இரண்டரைக் கிலோ. முடிந்தது கணக்கு!

இனிமேல்தான் ஆச்சரியம். அந்த 5 கிராமுக்குள் கோடிக்கணக்கான மர இழைகள் படுத்துக் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். இவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது எந்தப் பசை? பசையே கிடையாது! பலம் கூட்டவும் மை பரவாமல் இருக்கவும் கொஞ்சம் ஸ்டார்ச் சேர்ப்பார்கள்தான். அந்த ஸ்டார்ச்சை எடுத்துவிட்டாலும் தாள் தாளாகவே நிற்கும். தண்ணீரும் அடியும் மட்டும் போதும். ஆமாம், அடிதான். மரக்கூழுக்கு எவ்வளவு அடி விழுகிறது என்பதை வைத்துத்தான் அது நோட்டுப் புத்தகமா, மை ஒற்றும் தாளா, அடியில் வைத்த படம் தெரியும் டிரேசிங் பேப்பரா என்று முடிவாகிறது. அந்த இடத்துக்கு வருவோம். முதலில் மரம்.

மரத்தில் ஏறத்தாழ பாதி செல்லுலோஸ். கால் பங்கு, சில மரங்களில் அதற்கும் சற்றுக் கூடுதலாக, லிக்னின். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ். செல்லுலோஸ்தான் இழை. லிக்னின் அந்த இழைகளை இறுக்கிப் பிடித்து மரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இழை 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். நம் தைலமரத்திலும் சவுக்கிலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஒவ்வொரு இழையும் உள்ளே கூடான குழாய். பைன் மரத்தில் வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறியது இந்தக் குழாய்கள் வழியாகத்தான். மரமாக நின்றபோதும் தண்ணீர் வேலை, தாளானபோதும் தண்ணீர் வேலை!

குளவி சொல்லிக்கொடுத்த பாடம்!

மரத்திலிருந்து காகிதம் செய்யலாம் என்பதை மனிதனுக்குக் காட்டியது ஒரு பூச்சி, தெரியுமா? 1719-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் இதைச் சொன்னார். ஒரு வகைக் குளவி மரத்தைச் சுரண்டி, மென்று, எச்சிலோடு குழைத்துக் காகிதம் போன்ற கூடு கட்டுகிறது, கந்தல் துணி இல்லாமலேயே காகிதம் வரும் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். அன்றைக்கு ஐரோப்பாவில் காகிதம் என்றால் பழைய லினன், பருத்திக் கந்தல்தான். கந்தலுக்கோ சதா தட்டுப்பாடு. அப்படியும் அவர் பேச்சை யாரும் உடனே கையில் எடுக்கவில்லை. நூறு வருடங்களுக்கும் மேல் ஓடிவிட்டது!

1840-களில் ஜெர்மனியில் கெல்லர் என்ற நெசவாளர் மரக்கட்டையைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் அரைத்துக் கூழாக்கினார். அதே காலத்தில், கெல்லரை யாரென்றே அறியாமல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சார்லஸ் ஃபெனர்ட்டி என்ற இளைஞர் அதையே செய்துவிட்டு, 1844-ல் தன் காகிதத் துண்டைக் கடிதத்தோடு ஹாலிஃபாக்ஸ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். காப்புரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. கெல்லரும் தன் உரிமையை 1846-ல் ஃபெல்ட்டர் என்பவருக்கு விற்றுவிட்டார். பேரும் பணமும் அந்தப் பக்கம் போயின. கண்டுபிடித்த இருவருமே அதில் சம்பாதிக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அப்படி அரைத்த கூழில் மரத்தின் 90 சதவீதத்துக்கும் மேல் அப்படியே வந்துவிடும், லிக்னின் உட்பட. செய்தித்தாளைப் பால்கனியில் வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிறதே, அது இந்த லிக்னின் செய்யும் வேலை. வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறும் குணம் அதற்கு.

வெந்தும் உடையாத சில்லு!

லிக்னினே வேண்டாம் என்றால்? வேகவைக்க வேண்டும். 1879-ல் கார்ல் தால் என்ற வேதியியலாளர் கண்ட வழி இன்றும் உலகின் பெரும்பாலான மரக்கூழுக்குப் பொருந்துகிறது. பட்டை உரித்த மரத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் சில்லுகளாக நறுக்கி, டைஜெஸ்டர் என்ற ராட்சதக் குக்கரில் போட்டு, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலை ஊற்றி, ஏறத்தாழ 170 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவிடுவது. லிக்னின் கரைந்து வெளியேறும்.

இதில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. வெந்து முடிந்த சில்லு பார்ப்பதற்குச் சில்லாகவே இருக்கும்! உள்ளே பிடிமானம் எல்லாம் போய்விட்டிருக்கும், உருவம் மட்டும் குலையாது. டைஜெஸ்டரின் அடி வால்வைத் திறக்கிறார்கள். உள் அழுத்தம் மொத்தச் சரக்கையும் அடுத்த தொட்டிக்குள் வீசி எறிகிறது. அந்த வீச்சில்தான் சில்லு சிதறி இழை இழையாகப் பிரிகிறது. கத்தியும் இல்லை, அரவையும் இல்லை.

காகித ஆலைப் பக்கம் பஸ் போகும்போது ஒரு நாற்றம் வருமே! வேகும்போது பிறக்கும் மெர்காப்டன் வகைக் கந்தகச் சேர்மங்களின் கைங்கரியம் அது. காற்றில் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் சேர்க்கிறார்களே எத்தில் மெர்காப்டன், அதுவும் இதே குடும்பம்தான்.

சரி, கரைந்து போன லிக்னின் எங்கே போகிறது? கரிய திரவமாகத் திரள்கிறது. ஆலைக்காரர்கள் அதை 'பிளாக் லிக்கர்' என்பார்கள். கழிவு என்று ஆற்றில் விட்டால் ஆறு செத்துவிடும், ஆலையும் திவாலாகும். எனவே நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிக் கொதிகலனில் எரிக்கிறார்கள். அதில் வரும் நீராவியில் மின்சாரம். எரிந்த பின் அடியில் உருகி ஓடும் குழம்பில், வேகவைக்க ஊற்றிய ரசாயனங்களின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. அதைக் கரைத்து, சுண்ணாம்போடு சேர்த்து, மறுபடி டைஜெஸ்டருக்கு! அந்த உருகிய குழம்பில் கொதிகலன் குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து விழுந்தால் குண்டு வெடித்த மாதிரி வெடிக்கும். ஆலையில் எல்லோரும் மரியாதையோடு தள்ளி நிற்கும் இடம் அது. பின்லாந்தின் அனெகோஸ்கியில் 2017-ல் தொடங்கிய கூழ் ஆலை, தனக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் தயாரிக்கிறது. காகிதக்கூழ் ஆலையா, மின் நிலையமா என்று கேட்கலாம். இரண்டும்தான்!

அடி உதவுகிற மாதிரி…

இப்போது அடிக்கு வருவோம். வெந்து, கழுவி, வெளுத்து வந்த இழையை அப்படியே பரப்பிக் காயவைத்தால் தாள் வரும். ஆனால் கையோடு பிய்ந்துவரும், பஞ்சு பஞ்சாக இருக்கும், பேனா வைத்தால் மை பரவும். இழைகள் விறைப்பான குழாய்களாக ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால் தொட்டுக்கொள்ளும் இடம் குறைவு. அந்தத் தொடுதலை அதிகப்படுத்தத்தான் ரிஃபைனர் என்ற இயந்திரம்.

எதிரெதிரே இரண்டு உலோகத் தட்டுகள். இரண்டிலும் வரிவரியாக மேடும் பள்ளமும். ஒன்று நிற்கும், மற்றது சுழலும். நடுவில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான், நீங்கள் பிடித்திருக்கும் தாளின் தடிமன் அளவு! அந்தச் சந்துக்குள் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு இழையும் மீதி தண்ணீருமாகக் கூழ் பாய்கிறது. மேடும் மேடும் கடக்கும் ஒவ்வொரு முறையும் இழை நசுங்கி விடுபடுகிறது, நசுங்கி விடுபடுகிறது. தட்டுகளை ஒன்றோடொன்று உரசவிடாமல் காப்பது நடுவில் இருக்கும் கூழே. கூழ் வரத்து நின்றுபோனால் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும்.

இந்த நசுக்கலில் மூன்று காரியம் நடக்கிறது. இழையின் சுவர் அடுக்குகள் உள்ளுக்குள் விட்டுப்போய், தண்ணீர் புகுந்து ஊதி, விறைத்த குழாய் தொய்ந்து நாடாவாகப் படிகிறது. மேல் சுவர் உரிந்து நுண்ணிய மயிர்கள் கிளம்புகின்றன. கொஞ்சம் இழை அறுந்து குட்டையாகவும் போகிறது. இந்த மூன்றாவது யாருக்கும் பிடிக்காத பக்கவிளைவு. முதல் இரண்டும் எவ்வளவு நடக்கின்றனவோ அவ்வளவுக்கு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி உறவாடும்.

ஒட்டவைப்பது யார்? தண்ணீர்தான்! தாள் காயும்போது கடைசியாக மிஞ்சும் தண்ணீர், தன் மேற்பரப்பு இழுவிசையால் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துச் சேர்த்துவிட்டு ஆவியாகிறது. நெருங்கி வந்த செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு இடையில் ஹைட்ரஜன் பிணைப்பு விழுகிறது. நீரைப் போல ஒட்டும் குணம் இல்லாத வேறு திரவத்திலிருந்து அதே இழையைத் தாளாக்கிக் காயவைத்துப் பாருங்கள், தூக்கினாலே உதிரும். அதே காரணத்தால்தான் செய்தித்தாள் மழையில் நனைந்தால் கூழாகிறது. பிணைப்புக்குள் தண்ணீர் மறுபடி நுழைந்து இழைகளை விலக்கிவிடுகிறது.

அடி குறைந்தால் என்ன வரும்? மை ஒற்றும் தாள். நடுத்தரமாக அடித்தால் எழுதும் தாள். அடித்துக்கொண்டே போனால் எண்ணெய் ஊடுருவாத கிரீஸ்ப்ரூஃப் தாள். அதற்கும் மேலே போனால் கண்ணாடி மாதிரி டிரேசிங் பேப்பர்! மரம் ஒன்று, கூழ் ஒன்று, விழுந்த அடிதான் வேறு. 'காகிதம் பீட்டரில்தான் பிறக்கிறது' என்று பழைய ஆலைத் தொழிலாளர்கள் சொல்லும் பேச்சு இதனால் வந்ததே. பீட்டர் என்பது ரிஃபைனருக்கு முந்தைய தலைமுறை. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் காற்றாலையில் பூட்டிக் கந்தலைக் கிழித்த 'ஹாலண்டர்' தொட்டி அது.

அதிகம் அடித்தால் ஏன் கண்ணாடியாகிறது? செல்லுலோஸ் இயல்பிலேயே நிறமற்றது, ஒளி ஊடுருவுவது. கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளையாகத் தெரிகிறதல்லவா, அதே கதைதான் தாளிலும். இழைக்கும் அதன் இடையில் சிக்கிய காற்றுக்கும் நடுவே ஒளி முட்டிமோதிச் சிதறுவதால் வெண்மை. அடி கூடக் கூட இழைகள் நெருங்கிக் காற்றுக்கு இடமில்லாமல் போகும், வெளிச்சம் நேராகப் பாயும். டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஊடே தெரிகிறதே, ஏன்? அங்கே காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது! (அச்சு மை பட்ட தாளில் வடை வைத்துச் சாப்பிடுவது நல்லதல்ல. வடையின் ருசிக்கு முன்னால் யார் கேட்கிறார்கள்!)

அடி போதுமா என்று எப்படிப் பார்ப்பார்கள்? 3 கிராம் இழையை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, துளைத்தட்டு வைத்த ஒரு பாத்திரத்தில் ஊற்றுவார்கள். தண்ணீர் வேகமாக வடிந்தால் அடி குறைவு, தயங்கித் தயங்கி வடிந்தால் அடி அதிகம். பக்கக் குழாய் வழியே வந்த தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்தால் அதுதான் 'ஃப்ரீனஸ்'. கோடிகளைக் கொட்டிக் கட்டிய ஆலை, ஒரு லிட்டர் தண்ணீர் சொல்லும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. இந்தத் தீர்ப்புக்கு இரண்டு முகம் உண்டு. அடி கூடினால் இழுத்தால் தாங்கும் பலம் ஏறும், அடியை மேலும் நீட்டினால் கிழிபடாத உறுதி இறங்கும், தாள் வடிந்து காயவும் நேரம் பிடிக்கும், கரண்டு பில்லும் எகிறும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆலைக்காரரின் கைப்பக்குவம்.

  

மணிக்கு 108 கிலோமீட்டர்!

அடித்த கூழை இப்போது தண்ணீரில் கரைக்கிறார்கள், நூற்றுக்கு அரைப் பங்கு இழை, மீதி எல்லாம் தண்ணீர் என்கிற அளவுக்கு! 5 கிராம் ஏ4 தாளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் இயந்திரத்தில் ஏறி இறங்குகிறது. பயப்பட வேண்டாம், வடிந்த தண்ணீரில் பெரும்பகுதி அதே இயந்திரத்துக்குத் திரும்பும். இவ்வளவு நீர்க்க விட்டால்தான் இழைகள் கட்டி தட்டாமல் சீராகப் பரவும். வெளிச்சத்துக்கு நேரே தாளைப் பிடித்துப் பாருங்கள். மேகம் மேகமாகத் தெரிந்தால் அந்தப் பரவல் சரியில்லை என்று அர்த்தம்.

ஓடிக்கொண்டே இருக்கும் சல்லடைப் பட்டையின் மேல் இந்தக் கலவை பீய்ச்சப்படுகிறது. செய்தித்தாள் காகிதம் செய்யும் நவீன இயந்திரங்கள் நிமிடத்துக்கு 1,800 மீட்டர் வேகத்தைத் தாண்டுகின்றன. அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர்! நம் நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போனால் கேமரா பிடித்துவிடும். வெறும் நீராக உள்ளே போனது அரை நிமிடத்துக்குள் உலர்ந்த தாளாக மறுமுனையில் சுருளாகிறது. தண்ணீரைச் சல்லடையில் வடித்து, உருளைகளுக்கு இடையில் பிழிந்து, நீராவி ஏற்றிய உருளைகளின் மேல் ஓடவிட்டுக் காய்ச்சுகிறார்கள். பிழிவதில் ஒரு சதவீதம் கூடுதலாகத் தண்ணீர் போனால் காய்ச்சுவதில் சுமார் 4 சதவீதம் நீராவி மிச்சம். தூங்குகிற முதலாளியும் எழுந்து உட்காரும் கணக்கு!

இந்த ஓடும் சல்லடையை யோசித்தவர் பிரான்சின் லூயி நிக்கோலா ராபர்ட், காப்புரிமை 1799-ல். அதுவரை ஒவ்வொரு தாளும் சட்டத்தில் கையால் முக்கி எடுத்தது. அவர் வேலை பார்த்த ஆலையில் தொழிலாளர் சச்சரவு ஓயாமல் நடந்ததே இயந்திரத்தை யோசிக்கக் காரணம் என்பார்கள். இங்கிலாந்தில் அதில் பணம் போட்டு வளர்த்த ஃபோர்ட்ரினியர் சகோதரர்கள் 1810-ல் திவாலானார்கள். இயந்திரத்துக்கு மட்டும் இன்றுவரை அவர்கள் பெயர்தான். இந்தத் தொழில் கண்டுபிடித்தவர்களை வாழவைக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது!

வீட்டிலேயே ஒரு சோதனை. பெரிய செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழியுங்கள், கோடு போட்ட மாதிரி நேராக வரும். இடமிருந்து வலமாகக் கிழியுங்கள், கோணல் மாணலாகப் போகும். சல்லடை ஓடிய திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துவிட்டதால் வந்த வித்தியாசம் இது.

வெள்ளைக்குள் நீலம்!

எழுதும் தாளில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட மரமே இல்லை, சுண்ணாம்புக்கல் பொடி! வழவழப்புக்கும் வெண்மைக்கும் சேர்ப்பது. அதோடு, புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் ஒரு ரசாயனமும் உண்டு. அதனால்தான் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் அடியில் சாதா ஜெராக்ஸ் தாள் பளீரென்று மின்னுகிறது, அசல் ரூபாய் நோட்டின் தாள் மங்கலாகவே கிடக்கிறது. ரூபாய் நோட்டு மரமே அல்ல, பருத்தி. சட்டைப் பையோடு துவைத்தாலும் அது தப்பிப்பதற்குப் பருத்தியின் நீண்ட இழையோடு, நனைந்தாலும் விடாத ரெசின் சேர்ப்பதும் காரணம்.

சுண்ணாம்புப் பொடி வருவதற்கு முன் நடந்தது ஒரு சோகம். மை பரவாமல் இருக்க ரோசின் என்ற மரப்பிசினும் படிகாரமும் சேர்க்கும் வழியை மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் 1807-ல் வெளியிட்டார். மலிவு, சுலபம், உலகமே பிடித்துக்கொண்டது. ஆனால் படிகாரம் தாளுக்குள் அமிலத்தை விதைத்தது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை ஆண்டு ஆண்டாக அறுத்தது. 1850-க்குப் பிந்தைய நூறு ஆண்டுப் புத்தகங்கள் தொட்டால் நொறுங்குவது இதனால்தான். அவற்றுக்கு முந்திய கந்தல் காகிதப் புத்தகங்கள் திடமாக இருக்கின்றன! நம் பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் இதே கதி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றை நுண்படமாக எடுத்துக் காப்பாற்றியது சும்மா இல்லை. இப்போது பெரும்பாலும் காரத் தன்மையுள்ள முறைக்கு மாறிவிட்டார்கள். அமிலத்தோடு சேராத சுண்ணாம்புப் பொடி அதற்குப் பிறகுதான் தாராளமாக உள்ளே வந்தது.

மரமே இல்லாமல் செய்யலாமே என்கிறீர்களா? கரூர் மாவட்டம் காகிதபுரத்துக்குப் போங்கள். 1979-ல் தமிழக அரசு தொடங்கிய டி.என்.பி.எல். நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்து எழும்பியது. சர்க்கரை ஆலைகள் சக்கையை அடுப்பில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சக்கையைத் தாருங்கள், உங்கள் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் தருகிறோம் என்று பண்டமாற்று! சக்கையில் இழையோடு சோறு மாதிரி ஒரு மெத்துப் பொருளும் இருக்கும். அதை முதலில் பிரித்தெடுக்காவிட்டால் கூழில் தண்ணீர் வடியாது. ரிஃபைனர் அடியும் சக்கைக் கூழுக்குக் கொஞ்சம் போதும். பிறவியிலேயே அது மெல்ல வடியும் ரகம். இன்று அங்கே தைலமரமும் சவுக்கும்கூடக் கூழாகின்றன.

கடைசியாக ஒன்று. பழைய தாளிலிருந்து மையை நீக்குவது சோப்பு நுரை, தெரியுமா? கூழுக்குள் காற்றை ஊதினால் மைத்துகள் குமிழில் ஒட்டி மேலே மிதந்து வரும், நுரையை வழித்து எறிந்துவிடலாம். மை நீக்கிப் புதுத் தாள் செய்வதை 1774-லேயே செய்து காட்டியவர் ஒரு சட்டப் பேராசிரியர், ஜெர்மனியின் கோட்டிங்கன் ஊர் யூஸ்டஸ் கிளாப்ரோத். ஆனால் ஒரே இழையை எத்தனை முறை திருப்ப முடியும்? ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு முறை காயும்போதும் இழைச் சுவரின் நுண்துளைகள் மூடிக்கொண்டு, மறுபடி நனைத்தாலும் பழையபடி ஊதாமல் விறைக்கின்றன. மறுபடி அடித்தால் கொஞ்சம் இணங்கும், ஆனால் அறுந்து குட்டையாகும். எழுதும் தாளுக்கு லாயக்கில்லாமல் அப்படிக் குறுகிப்போன இழைகள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, மளிகைக்கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாம்பல் நிற முட்டைத் தட்டு. 30 குழிகள் கொண்ட வலை அச்சைக் கூழில் முக்கி, பின்பக்கமிருந்து காற்றை உறிஞ்சினால் தண்ணீர் வலை வழியே போய்விடும். குழிக்குழியாக இழை மட்டும் தங்கும், அடுப்பில் காயவைத்தால் தட்டு தயார்.